ஒன்றரை மணி நேரச் சூரியன்

அரியாலையில் கடனீரேரிப் பக்கமாக உள்ள ஒரு வளவில் நான்கு இரும்புக் குழாய்களை நட்டு, இரண்டு கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியபோது, அது ஒரு ஆராய்ச்சி நிலையம் என்று எவரும் நம்பவில்லை. உடுப்புக் காயப்போடும் கொடி என்று நினைத்தவர்கள் உண்டு. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் உண்மையாகவே யாரோ ஒரு சாரத்தை அதில் விரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்து மடித்து வேலியில் போட்டேன். பிறகு பதிவுக் கொப்பியில், "காலை 6.40, கம்பியில் சாரம், அகற்றப்பட்டது" என்று எழுதினேன். எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பது மிஸ்ஸின் கட்டளை.

மிஸ் என்று நான் சொல்வது பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கும் விரிவுரையாளரை. குருநகர்க் கடற்றொழில் குடும்பம். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. வெளிநாட்டில் பட்டப்படிப்பு முடித்தவர். அங்கே அவர் செய்த வேலை, தொலைநோக்கிகள் எடுத்த விண்மீன் கூட்டங்களின் படங்களைக் கணினியே பார்த்து இனம்பிரிக்கும்படி பழக்குவது. ஊருக்குத் திரும்பியபோது கையில் அந்தத் திறமை இருந்தது, தொலைநோக்கி இல்லை. சூரியனைப் பிடிக்க இரண்டு கம்பியும் ஒரு பெட்டியும் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த வளவை வாடகைக்கு எடுத்தார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நிறுத்தியது நானா போரா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு முகாம், வவுனியாவில் அரிசி ஆலை, கொடிகாமத்திலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறியில் கிளீனர், கட்டாரில் உயரக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை, மலேசியாவில் சாப்பாட்டுக் கடை, அங்கே விசா முடிந்து பிடிபட்டு மூன்று மாதம் உள்ளே. ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. குழாய் நட வந்தவன் நான். நட்டு முடிந்ததும், "அண்ணை, இதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேணும், நிக்கிறியளோ?" என்று மிஸ் கேட்டார். வேறு வேலை கையில் இல்லாததால் நின்றேன்.

சூரியனுக்குச் சத்தம் உண்டு என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. காதால் கேட்கும் சத்தமில்லை. வானொலியில் நிலையம் மாறும்போது வரும் இரைச்சலைப் போன்றது. சூரியனில் ஏதாவது வெடித்தால் அந்த இரைச்சல் சில விநாடிகளுக்குக் கூடும். கம்பி அதைப் பிடிக்கும், பெட்டி அதைப் படமாக்கும். கால் மணி நேரத்துக்கு ஒரு படம். சூரியனின் வெடிப்பு அந்தப் படத்தில் மேலிருந்து கீழே சற்றுச் சாய்ந்து இறங்கும் ஒரு கீற்று. மோட்டார் சைக்கிளும் நீர் இறைக்கும் மோட்டாரும் நேர்க்கோடுகள். பக்கத்து வளவில் இருந்த வெல்டிங் பட்டறை, படம் முழுக்க மணலை அள்ளிக் கொட்டினாற்போல இருக்கும்.

கணினிக்கு விதி எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. படத்தைக் காட்டி, இது சூரியன், இது சூரியனில்லை என்று ஆயிரக்கணக்கான தடவை சொல்ல வேண்டும். பார்த்துப் பார்த்து அது தானாகப் பிடித்துக்கொள்ளும். எதைப் பிடித்துக்கொண்டது என்று அதற்கும் சொல்லத் தெரியாது, நமக்கும் முழுதாகத் தெரியாது. அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்லும் வேலையை மிஸ் எனக்குத் தந்தார். மரக்கறி தரம் பிரித்த கண் எனக்கு. சொத்தைக் கத்தரிக்காயைத் தூரத்திலேயே கண்டுபிடிப்பேன். கீற்றும் அப்படித்தான். நான்கு மாதத்தில் மிஸ்ஸுக்கே சந்தேகம் வரும் படங்களை என்னிடம் கேட்டார்.

பிறகு கணினி தானாகப் பார்க்கத் தொடங்கியது. நம் கண்ணுக்கு எட்டாத, மிக மெல்லிய கீற்றுகளையும் அது குறித்தது. அப்போதுதான் அந்த விசித்திரம் வந்தது. நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், சின்னச் சின்ன வெடிப்புகள் கூட்டமாக வந்தன. மற்ற நேரங்களில் அபூர்வம். அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருநாள் காலை, ஒருநாள் மத்தியானம், ஒருநாள் பின்னேரம். ஏழு நாளில் ஒரு சுற்று முடிந்து திரும்பத் தொடங்கியது.

மனிதர்களின் வேலையாக இருக்குமோ என்று மிஸ் முதலில் சந்தேகப்பட்டார். ஏழு என்றாலே வாரம்தானே. என்னை அழைத்துக் கேட்டார். பட்டறை எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது மூடும், ஞாயிறு லீவா? எல்லாவற்றுக்கும் பதில் கொப்பியில் இருந்தது. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை வேலை. ஞாயிறும் உண்டு. கடலுக்குப் போகாத நாள் என்பதால் குருநகரிலிருந்து நங்கூரமும் வள்ளம் இழுக்கும் வண்டியும் திருத்த அதிகம் வருவது ஞாயிற்றுக்கிழமையில்தான். ஒவ்வொரு நாளும் என் கையெழுத்தில் ஒரே வரி: "பட்டறைச் சத்தம் நாள் முழுக்க." சத்தம் ஏழு நாளும் ஒரே மாதிரி என்றால், காரணம் மேலேதான் இருக்க வேண்டும். சூரியன் தன்னைத் தானே சுற்றிக்கொள்ள ஏறத்தாழ இருபத்தேழு நாள். அதில் நாலில் ஒரு பங்கு ஏழுக்குக் கிட்ட வரும். இதை மிஸ் எழுதி அனுப்பியதும் அவருடைய வெளிநாட்டுப் பேராசிரியர் அன்றைக்கே தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

அந்த அழைப்புக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கட்டுரையைத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அது போனால் பேராசிரியர் தன் திட்டத்தில் எங்கள் நிலையத்தையும் சேர்த்து மூன்று வருடம் நடத்துவார். போகாவிட்டால் ஆடி மாதத்தோடு வளவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிஸ்ஸின் துறையில் இருந்தவர்கள், "கொடி கட்டிச் சூரியன் பிடிக்கிறா" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வருட உழைப்பு அந்தக் கட்டுரையில் இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிபோல மிஸ் ஒரு பெரிய தாளை அச்சடித்துக்கொண்டு வந்து, வளவில் கணினி வைத்திருந்த அறையின் சுவரில் ஒட்டினார். ஒரு நாளுக்கு ஒரு வரி. வெடிப்புக் கூட்டம் வந்த நேரத்தில் மஞ்சள் கட்டை. பழைய தாள்களில் திகதி மட்டும் இருந்தது. பேராசிரியர் கேட்டதால் இதில் கிழமையும் போட்டிருந்தார்.

"வடிவாயிருக்கெல்லோ அண்ணை? படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குது."

நான் பார்த்தேன். திங்கள் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பது. சனி ஒன்பதிலிருந்து பத்தரை. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு. இந்த வரிசையைப் படித்து அறிய எனக்குத் தாள் தேவையில்லை. நான் கிளீனராக இருந்த லொறியின் முதலாளி இந்த நேரங்களில் சாவியைத் தொடவே விடமாட்டார். கொடிகாமத்துச் சந்தையடியில் தக்காளி வெயிலில் வாட, லொறியின் நிழலில் குந்தியிருந்து மனப்பாடமான நேரங்கள் அவை.

வெளியே போனேன். வேப்பமரத்தடியில் நின்றேன். ஒன்றரை ஆனதும் பக்கத்து வளவில் சத்தம் நின்றது. பட்டறைக்காரர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். நூறு தடவை பார்த்த காட்சி. எத்தனையோ நாள் அந்த நேரத்தில் நானும் போய் அவரோடு தேநீர் குடித்திருக்கிறேன். குடித்துவிட்டு வந்து, "பட்டறைச் சத்தம் நாள் முழுக்க" என்று எழுதியும் இருக்கிறேன்.

சொன்னால் என் வேலை போகும். அது பெரிய விஷயமில்லை, எனக்கு வேலை போவது பழக்கம். ஆனால் அறைக்குள் மிஸ் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குப் பட்டறை மீண்டும் தொடங்கும்வரை அங்கேயே நின்றுவிட்டேன். அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. உள்ளே போனேன்.

"என்னண்ணை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

"மிஸ், உது சூரியன் இல்லை."

"எது?"

"உந்தப் படிக்கட்டு. உது ராகு காலம்."

மிஸ் சிரித்தார். "விளையாடாதேங்கோ அண்ணை. எனக்குத் தலைக்கு மேலை வேலை கிடக்கு."

"விளையாடேல்லை. கலண்டரிலை பாருங்கோ. ஒவ்வொரு கிழமைக்கும் நேரம் போட்டிருக்கும்."

"எங்கடை வீட்டுக் கலண்டரிலை மாதா படமும் பெருநாளும்தான் கிடக்கு."

கைத்தொலைபேசியில் தேடி எடுத்துக் கொடுத்தேன். மிஸ் தாளையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். ஞாயிறுவரை வந்து, மறுபடி திங்களில் இருந்து பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பட்டறை நாள் முழுக்க வேலை எண்டு நீங்கள்தானே எழுதினியள்?"

"ஓம். நான்தான் எழுதினனான்."

"பிறகு?"

"ராகு காலத்திலை கை வைக்காமல் இருக்கிறதை ஒருத்தரும் வேலை நிப்பாட்டுறது எண்டு நினைக்கிறேல்லை மிஸ். எனக்கும் அது தோணேல்லை."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கத்தியிருப்பார்கள். மிஸ் நாற்காலியை இழுத்து அதில் இருந்தார். பிறகு, "நினைச்சது போதாது, காட்டோணும்" என்றார். "ராகு காலத்திலை அவர் வெல்டிங் பண்ணினால், அந்த நேரம் மெஷின் ஒண்டையும் குறிக்கக் கூடாது. நாளைக்கு வெள்ளி. பத்தரை. கேட்டுப் பாப்பம்."

வெள்ளி காலை இருவரும் பட்டறைக்குப் போனோம். குருநகர் ஆள் ஒருவர் தன் நங்கூரம் திருத்தி முடியக் காத்து, கவிழ்த்த வாளியில் குந்தியிருந்தார். பட்டறைக்காரருக்கு விஷயம் விளங்கவே சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

"ராகு காலத்திலையோ? அதுவும் வெள்ளிக்கிழமை. ரீச்சர், கேக்கிறதுக்கு வேறை நேரமே கிடைக்கேல்லையோ?"

வாளியில் இருந்தவருக்குக் குஷி பிறந்துவிட்டது. "அண்ணை, ராகு உங்கடை ஆள்தானே? ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோவன்."

"நீ பொத்திக்கொண்டிரு. ஞாயிற்றுக்கிழமை கடலிலை கால் வைக்கமாட்டன் எண்டு நிக்கிற ஆள், எனக்குச் சொல்ல வந்திட்டாய்."

"அது கடவுள் சொன்னது."

"இதென்ன, அரசாங்கக் கச்சேரியிலையிருந்து வந்த கடிதமோ?"

மிஸ் இருவரையும் பேச விட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார். "ராகு காலத்திலை வேலை செய்யக் கூடாதோ, தொடங்கக் கூடாதோ?"

பட்டறைக்காரர் யோசித்தார். "தொடங்கத்தான் கூடாது."

"பத்தே காலுக்குத் தொடங்கினால்?"

"தொடங்கினால்… அது நடக்கிற வேலை. நடக்கிற வேலையைச் செய்யலாம்."

"அப்ப பத்தே காலுக்குத் தொடங்கிப் பன்னிரண்டு வரைக்கும் விடாமல் செய்யுங்கோவன்."

"அப்பிடி லேசாச் சொல்லாதேங்கோ. வெல்டிங் கம்பி எரிஞ்சு முடிஞ்சால் புதுக் கம்பி மாட்டோணும். மாட்டித் திரும்பப் பத்த வைக்கோணும். அது தொடக்கமோ இல்லையோ? அந்தக் குழப்பத்திலைதான் நான் அந்த நேரம் கையே வைக்கிறேல்லை."

"சோறு தின்னேக்கை ஒவ்வொரு பிடியும் புதுச் சாப்பாடோ அண்ணை?" என்றார் வாளியில் இருந்தவர்.

நான் சிரித்துவிட்டேன். பட்டறைக்காரருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மூலையில் கிடந்த துருப்பிடித்த ஒரு இரும்புக் கேற் கதவை இழுத்து வந்தார். "கலியாண வீட்டுக் கேற் ஒண்டு கிடக்கு, அதைத் தொடமாட்டன். இது மாட்டுக் கொட்டிலுக்கு. மாடு கோவிக்காது."

பத்தே காலுக்குப் பொறி பறக்கத் தொடங்கியது. நாங்கள் அறைக்குள் வந்து திரைக்கு முன்னால் இருந்தோம். பத்தரை. பதினொன்று. படங்களில் மணல் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பட்டறைக்காரர் கையை உதறிக்கொண்டு வேலிப்பக்கம் வந்து, "சரியோ ரீச்சர்?" என்று சத்தம் போட்டார். "சரி அண்ணை, பெரிய உதவி" என்று மிஸ் பதில் சத்தம் போட்டார். சுவர்த் தாளில் எல்லா வெள்ளியிலும் மஞ்சள் கட்டை இருந்தது. அன்றைய வெள்ளியில் கணினி ஒன்றைக்கூடக் குறிக்கவில்லை.

அன்று மிஸ் எதுவும் சாப்பிடவில்லை. மாலை போகும்போது வாசலில் திரும்பி, "நாளைக்கு மற்றப் பக்கத்தையும் பாப்பமோ?" என்றார். எனக்குப் புரியவில்லை. "ராகு காலம் இல்லாத நேரத்திலை அவர் நிப்பாட்டினால் என்ன வரும்?"

நிறுத்துவதற்குப் பட்டறைக்காரரிடம் எந்தத் தடையும் இருக்கவில்லை. "நிப்பாட்டுறதுக்கு ஒரு தோஷமும் இல்லை" என்றார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு நிறுத்திவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்தார். இரண்டு ஐந்துக்கு முதல் கீற்று வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. மூன்று மணிக்குள், சனிக்கிழமைப் பிற்பகலில் நாங்கள் ஒருநாளும் காணாத அளவு.

மிஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணை, உது நாள் முழுக்க அங்கை இருந்திருக்கு."

எனக்கும் விளங்கியது. சூரியன் ஒன்றரை மணி நேரம் மட்டும் வெடிக்கவில்லை. எப்போதும் வெடித்துக்கொண்டிருந்தது. நாங்கள்தான் ஒன்றரை மணி நேரம் மட்டும் அதைக் கேட்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக நிலையத்துக்கு வந்து, மிஸ் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். ராகு காலத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்: "இவ்வூர் மக்கள் புதிய வேலை எதையும் தொடங்குவதைத் தவிர்க்கும், நாளுக்கு நாள் மாறும் ஒன்றரை மணி நேரம். சூரியனின் தாளம் என்று நான் நினைத்தது என் அயலவரின் தாளம்." கட்டுரையை மிஸ் அனுப்பவில்லை.

"என்ரை பிழை எண்டும் எழுதுங்கோ" என்றேன்.

"உங்கடை கொப்பியை நம்பினது நான். எங்கடை பிழை எண்டு எழுதியிருக்கிறன்."

மூன்று நாள் பதில் இல்லை. நான் என் பையைத் தூசி தட்டி வைத்தேன், மன்னாரில் ஒரு வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நான்காம் நாள் பதில் வந்தது. மூன்று வருடம் என்ற பேச்சு இப்போதைக்கு இல்லை. ஆனால் சத்தத்துக்கு அடியில் கிடக்கும் வெடிப்பைக் கணினியால் பிரித்தெடுக்க முடியும் என்று இரண்டு மாதத்துக்குள் காட்டினால், ஒரு வருடம் நிலையத்தை நடத்த வழி செய்வார். பட்டறைகள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன என்றும் எழுதியிருந்தார்.

அந்த இரண்டு மாதமும் நான் வளவை விட்டு அசையவில்லை. பழைய படங்களுக்குச் சூரியன், சூரியனில்லை என்று இரண்டு பொத்தான்தான் வைத்திருந்தோம். மணலுக்குள் கீற்று இருந்தால் நான் சூரியனில்லை என்றே அழுத்தியிருந்தேன். அதைத்தான் கணினியும் படித்திருந்தது. மிஸ் மூன்றாவது பொத்தான் வைத்தார்: இரண்டும். அமைதியான நேரத்துக் கீற்றுகளை எடுத்து, பட்டறை மணலை அவற்றின் மேல் கொட்டி, புதுப் படங்கள் செய்தார். நான் முதலில் இருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். கண் எரிந்தால் கிணற்றில் முகம் கழுவிவிட்டு வருவேன். கொப்பியில் இப்போது நிமிடக் கணக்கில் எழுதினேன்: சாப்பாடு, தேநீர், தொலைபேசி, ராகு காலம். பட்டறைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐசே, நான் கக்கூசுக்குப் போறதையும் எழுதுறீரோ?" என்று கேட்டார். எழுதத்தான் செய்தேன்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, கணினிக்கு ஒருபோதும் காட்டாமல் வைத்திருந்த இருபது நாட்களின் பதிவை மிஸ் அதற்குக் கொடுத்தார். பட்டறை முழு வேகத்தில் நடந்த நேரங்கள் மட்டும். அது ஒரு பட்டியல் தந்தது. சரியா பிழையா என்று பார்க்க எங்கள் கண் போதாது. வேறொரு நாட்டில், எந்தப் பட்டறையும் இல்லாத மலையில் இருக்கும் பெரிய நிலையம், தான் கேட்ட வெடிப்புகளின் நேரத்தை எல்லாரும் பார்க்கும்படி போடுகிறது. அவர்களுக்குக் கேட்டது எங்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். மெல்லியவை அவர்கள் பட்டியலில் இராது, பெரியவை இருக்கும்.

மிஸ் எங்கள் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார். மற்றதைத் திரையில் வைத்து வாசிக்க என்னை விட்டார். பக்கத்தில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை. பெரிசு எண்டு போட்டிருக்கிற முதலாவதை வாசியுங்கோ."

"அஞ்சு நாப்பத்திரண்டு."

"அது உலகப் பொது நேரம். அஞ்சரையைக் கூட்டுங்கோ."

விரலில் கூட்டினேன். "பதினொண்டு பன்னிரண்டு."

மிஸ் பட்டியலில் விரலை ஓட்டினார். நின்றது. தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதினொன்று பன்னிரண்டு. அந்த நேரத்துப் படத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கு மணலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அடுத்தது" என்றார்.

மாலை நாலு மணிக்குப் பட்டியல் முடிந்தது. பெரியவற்றில் இரண்டைக் கணினி தவறவிட்டிருந்தது, மற்றவை நிமிடத்துக்கு நிமிடம் பொருந்தின. மிஸ் அவற்றைத் தனியாக எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். எங்கள் பட்டியலில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சில மிக மெல்லியவை, எந்த நிலையத்தின் பட்டியலிலும் இல்லாதவை. கணினி மட்டும் சூரியன் என்று அடித்துச் சொல்லியிருந்தது.

"உவை என்ன மிஸ்?"

"தெரியேல்லை அண்ணை" என்றார். "முதல் வேலிக்கு அங்காலை ஆரார் என்ன செய்தவை எண்டு பாப்பம். அதுக்குப் பிறகுதான் மேலை பாக்கிறது."

நான் கொப்பியை எடுத்து அந்த நாளின் பக்கத்தைப் புரட்டினேன்.